வரையாடும் குறிஞ்சியும்: எதை எதனோடு ஒப்பிடுவது?

திருகோணமலையில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளையொருவர் எனக்கு இப்படி எழுதிக் கேட்டிருந்தார்: “நீலகிரி வரையாட்டையும் நீலக்குறிஞ்சியையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், சேர். ஒன்று விலங்கு, மற்றது செடி. இரண்டும் மலையில் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு எதை எழுதுவது? நமது நாட்டிலும் மலை இருக்கிறதே, இங்கே ஏன் இவை இல்லை?”

பிள்ளை, உமது முதற்கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கால் எத்தனை, இலை எத்தனை என்று உறுப்புகளை எதிரெதிரே வைத்து ஒப்பிடப் போனால் இரண்டு வரிக்கு மேல் எழுத ஒன்றும் கிடைக்காது. இரண்டு உயிர்களும் ஒரே புல்வெளியில், ஒரே காற்றுக்கும் பனிக்கும் நடுவே வாழ்கின்றன; தம்மைத் தின்ன வருபவற்றிடமிருந்து அடுத்த தலைமுறையைக் காப்பாற்ற வேண்டிய தேவை இரண்டுக்கும் உண்டு. அந்தத் தேவைக்கு இரண்டும் கண்ட வழிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில், கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைப்பட்ட உயரங்களில், புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் ஒரு நிலத்தோற்றம் உண்டு. சோலை என்று அங்கே சொல்வது நாம் கவிதையில் சொல்லும் பூஞ்சோலையை அன்று. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் அடர்ந்து கிடக்கும், உயரம் குறைந்த, பாசி படர்ந்த மழைக்காட்டைத்தான். மேட்டுப் பகுதிகளும் சரிவுகளும் வெறும் புல். மழைக்காலத்தில் ஓயாத மழையும் காற்றும், மார்கழி தையில் புல்நுனி கருகும் உறைபனியும் அங்கே வழக்கம். வரையாடு ஏறக்குறைய 1,200 மீற்றரிலிருந்து 2,600 மீற்றர் வரை இந்தப் புல்வெளிகளிலும் அவற்றை ஒட்டிய செங்குத்துப் பாறைகளிலும் வாழ்கிறது. குறிஞ்சி 1,300 மீற்றரிலிருந்து 2,400 மீற்றர் வரையுள்ள அதே சரிவுகளில் புதர் புதராக வளர்கிறது. 2,695 மீற்றர் உயரமுள்ள ஆனைமுடியின் அடியில், இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராசமலைப் பகுதியில், இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். குறிஞ்சி பூக்காத ஆண்டில் போனவர்கள் ஆட்டை மட்டும் பார்த்துவிட்டு, முழங்கால் உயரப் பச்சைப் புதரைப் பார்த்ததாகவே நினைவில்லாமல் திரும்புவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. ‘வரை’ என்றால் மலை, மலைச்சரிவு; வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் இதற்கு வருடை என்று பெயர். சிலப்பதிகாரத்தில் மலைவாணர் சேரனுக்குக் கொண்டுவரும் பொருள்களின் வரிசையில் ‘வரையாடு வருடை’ வருகிறது. அங்கே ‘ஆடு’ என்பது பெயர்ச்சொல் அன்று, மலையில் திரிகின்ற வருடை என்னும் வினைத்தொகை. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதை மலை வெள்ளாடு என்ற வகையிலேயே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். இமயமலையில் வாழும் தார் என்னும் விலங்கோடும் அரேபியத் தாரோடும் சேர்த்து ஒரே பேரினமாகக் கணக்கிட்டார்கள். 2005இல் ரோப்பிக்கே, ஹசானின் என்னும் இரு ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு அல்ல என்பது தெரியவந்தது. இமயமலைத் தார் வெள்ளாட்டுக்கு நெருக்கம். நமது வரையாடு செம்மறிக்கு நெருக்கம். அதனால்தான் அதற்கு நீல்கிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினம் வகுத்து, நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் என்று எழுதுகிறோம். தமிழில் ‘ஆடு’ என்ற சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒன்றாக அடக்கிவிடுவதால், வரையாடு என்ற பெயர் 2005க்கு முன்பும் பிழையில்லை, பின்பும் பிழையில்லை. உமது கட்டுரையில் ‘காட்டு வெள்ளாடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்.

குறிஞ்சியின் கதை வேறு. ஒரு பூவின் பெயரே மலையும் மலைசார்ந்த இடமும் முழுவதற்கும் ஆகி, அங்கு நிகழும் ஒழுக்கத்துக்கும், பின் ஒரு பண்ணுக்கும் பெயராக நீண்டது. அந்தப் பூ ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. ஆடாதோடை சேர்ந்த அக்காந்தேசியே குடும்பத்தது. ‘கருங்கோற் குறிஞ்சி’ என்று குறுந்தொகை சொல்வதைச் செடியைக் கையால் தொட்டுப் பார்த்தவரால் மறக்க முடியாது. தண்டு உண்மையிலேயே கருமை ஓடியது. அதே அடியில் குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீ இழைக்கும் பெருந்தேனும் வருகிறது. பூக்கும் பருவத்தில் மலை முழுவதும் ஒரே பூவாக இருக்கும்போது தேனீக்களுக்கு வேறு தேட்டம் எதற்கு?

இனி வரையாட்டின் வாழ்க்கை. முதிர்ந்த கிடாய் தோள் அளவில் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமும் 80 முதல் 100 கிலோகிராம் எடையும் கொண்டது. பெட்டை அதில் பாதி. வயதேற ஏறக் கிடாயின் உடல் கருமையடைந்து, முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளிநிறத் திட்டு ஒன்று தோன்றும். இரு பாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. புல்லே முதன்மை உணவு. சிறுத்தை, புலி, செந்நாய் மூன்றும் இதனைத் தேடி வரும். வரையாட்டால் அவற்றோடு சண்டையிட இயலாது. சமவெளியில் நெடுந்தூரம் ஓடித் தப்பவும் இயலாது. அதற்கு இருக்கும் ஒரே அரண் பாறை. குளம்பின் ஓரம் கடினமாகவும் உள்ளடி மெத்தென்று பிடிமானம் தருவதாகவும் இருப்பதால், புலியும் செந்நாயும் கால்வைக்கத் துணியாத விளிம்பில் அது நின்றுகொண்டு கீழே பார்க்கும். ஆகவே மேய்ச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்தில் செங்குத்துப் பாறை இல்லாத புல்வெளியில் வரையாடு தங்குவதில்லை.

கிடாய்களும் பெட்டைகளும் மழைக்காலத்தில் கூடும். கருக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம். தை, மாசியில் குட்டிகள் பிறக்கும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அந்தக் காலத்தில் இரவிகுளத்தைப் பார்வையாளருக்கு மூடிவிடுவார்கள். குட்டிகளில் பல முதலாண்டைத் தாண்டுவதில்லை. தாண்டியவற்றிலும் பத்து வயதைத் தொடுபவை மிகச் சில. ஆகவே ஒரு பெட்டை தன் வாழ்நாளில் ஈனும் குட்டிகளை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முயல்கிறது. ஓர் ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு இருக்கிறது.

குறிஞ்சிக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. முளைத்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக மட்டும் இருந்து, ஆவணி தொடங்கி ஐப்பசி வரையுள்ள ஒரே பருவத்தில் பூத்து, காய்த்து, விதை முற்றியதும் செடி முழுவதுமாகக் காய்ந்து இறந்துவிடும். திறந்த புல்வெளியில் வளரும்போது உயரம் பெரும்பாலும் 30 முதல் 60 சென்ரிமீற்றர்தான். ஆனால் மலைச்சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் பூப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலையே நிறம் மாறியதுபோல் இருக்கும். காயை வெடிக்கச் செய்வது ஈரம். உள்ளே விதைகளைத் தாங்கும் சிறு கொக்கிகள் காய் பிளக்கும் வேகத்தில் அவற்றைத் தெறித்து எறியும். தெறித்தாலும் தாய்ச்செடிக்கு வெகு தூரத்தில் விழுவதில்லை. ஆகவே அடுத்த தலைமுறை ஏறக்குறைய அதே இடத்தில், ஒரே வயதில் முளைக்கிறது. ஒரே வயதில் முளைத்ததால் ஒரே ஆண்டில் பூக்கிறது. மூணாறு, கொடைக்கானல் பகுதிகளில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெரும்பூப்பு நிகழ்ந்தது, அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு குன்றுகளில் பூத்ததாகச் செய்தி வந்தால் குழம்ப வேண்டாம். வேறு ஆண்டில் முளைத்த கூட்டங்களும் உண்டு, அதே பேரினத்தின் வேறு இனங்களும் உண்டு.

பன்னிரண்டு என்றவுடன் நம்மவர்களுக்குக் குடமுழுக்கு நினைவுக்கு வரும். வியாழன் சூரியனைச் சுற்றிவரும் காலமும் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுதான் என்பதால், கிரகத்தின் செல்வாக்கில்தான் குறிஞ்சி பூக்கிறது என்று மேடையில் பேசியவரை நானே கேட்டிருக்கிறேன். அதை மறுக்கத் தொலைநோக்கி தேவையில்லை. மகாராட்டிரத்தின் மலைகளில் வளரும் கார்வி என்னும் செடி குறிஞ்சியின் பேரினத்தையே சேர்ந்தது. அது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. வியாழன் எல்லோருக்கும் பொதுவானது. ஆண்டுக் கணக்கோ ஒவ்வொரு செடியின் மரபிலும் தனித்தனியாக இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு வாழ்க்கை? விதையைத் தின்னும் பறவை, எலி, பூச்சி ஆகியவற்றின் பக்கத்திலிருந்து எண்ணிப் பாரும். ஆண்டுதோறும் சிறிது விதை கிடைத்தால் அவற்றின் தொகை அந்தச் சிறு உணவுக்கு ஏற்பப் பெருகி, கிடைத்ததையெல்லாம் தின்றுவிடும். பதினோர் ஆண்டு ஒன்றும் இல்லாமல், பன்னிரண்டாம் ஆண்டு மலை முழுவதும் விதையாகக் கொட்டினால், இருக்கும் சில வாய்கள் வயிறு புடைக்கத் தின்றாலும் மிச்சம் ஏராளம். தனித்து வேறோர் ஆண்டில் பூத்த செடியின் விதை முழுவதும் பறிபோகும். கூட்டத்தோடு பூத்த செடியின் விதை பிழைக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையாக ஒத்திசைவு இறுகியிருக்கிறது என்பதே பெரும்பாலான உயிரியலாளர் ஏற்கும் விளக்கம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாரும். வரையாடு பகையிடமிருந்து இடத்தால் தப்புகிறது. குறிஞ்சி காலத்தால் தப்புகிறது. ஆட்டுக்குட்டி போக முடிகிற இடத்துக்குச் செந்நாயால் போக முடியாது. குறிஞ்சி விதை வருகிற ஆண்டை எலியால் எண்ண முடியாது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் இரண்டாகப் பிரித்துச் சொல்வதை நீர் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர். ஒரே திணையின் கருப்பொருள்களான இந்த விலங்கும் இந்தப் பூவும் ஆளுக்கொன்றாக அவற்றைப் பங்கிட்டுக்கொண்டதுபோல எனக்குத் தோன்றும். உயிரியல் சொல்லில் எழுத வேண்டுமானால், வரையாடு பன்முறை இனப்பெருக்கம் செய்வது, குறிஞ்சி ஒருமுறை இனப்பெருக்கம் செய்து மடிவது. ஆனால் அந்தச் சொற்களை எழுதிவிட்டு நிறுத்திவிட்டால் பரீட்சகருக்குப் புள்ளி போட ஒன்றும் இருக்காது. ஏன் என்பதை எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கும் சுவையானது. குறிஞ்சியின் ஒரு தலைமுறைக்குள் வரையாட்டு மந்தையில் மூன்று நான்கு தலைமுறைகள் பிறந்து போய்விடும். ஆக, ஒரு வரையாடு தன் வாழ்நாளில் குறிஞ்சி பூத்ததை ஒருமுறை பார்த்தால் உண்டு. இருமுறை பார்ப்பது அரிது. பல ஆடுகள் பார்க்காமலே இறந்துவிடும். மனிதன்தான் பலமுறை பார்க்கிறான். பழனி மலைப் பளியர் தம் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வது வழக்கம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வாழும் முறையில் உள்ள இந்த வேறுபாடு பாதுகாக்கும் முறையிலும் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவான கேடு புல்வெளி அழிந்ததுதான். தேயிலைத் தோட்டங்களும், பிறகு சீகை மரம் என்று அங்கே சொல்லும் வாட்டிலும், யூக்கலிப்டசும், பைனசும் புல்வெளியை விழுங்கின. புல்வெளி வெறும் தரிசு, மரம் நட்டால்தான் காடு என்று நினைத்த காலத்தின் விளைவு அது. ஆட்டுக்கு இதனோடு துப்பாக்கியும் சேர்ந்தது. இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் 97 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகவும் ஆனது வரையாட்டுக்காகவே. வரையாட்டைத் தன் மாநில விலங்காகக் கொண்ட தமிழ்நாடு 2022 டிசம்பரில் அதற்கெனத் தனித்திட்டம் தொடங்கி, 25 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2024இல் அம்மாநிலத்தில் நடத்திய ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 ஆடுகள் எண்ணப்பட்டன. 1975இல் இவ்விலங்கைப் பற்றி முன்னோடியாக ஆய்வு செய்த டேவிதாரின் நினைவாக ஒக்ரோபர் 7ஆம் நாள் வரையாடு நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஆட்டை ஆண்டுதோறும் எண்ணலாம். குறைந்தால் உடனே தெரியும். குறிஞ்சியை அப்படி எண்ண முடியாது. பூக்காத ஆண்டில் ஒரு சரிவை உழுதுவிட்டாலோ தீ வைத்துவிட்டாலோ, இழப்பு எவ்வளவு என்பது அடுத்த பூப்பின்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பூத்த ஆண்டிலும் ஆபத்து உண்டு. விதை முற்றுமுன் கொத்துக் கொத்தாகப் பறித்துச் செல்வோர், பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பைப் பறித்துச் செல்கிறார்கள். 2006இல் கேரள அரசு வட்டவடை, கொட்டக்காம்பூர்ப் பகுதியில் 32 சதுர கிலோமீற்றரில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. ஒரு செடியை முன்னிட்டு அமைந்த சரணாலயம் என்ற வகையில் அது தனித்துவமானது. அதே ஆண்டில் இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிக்கு முத்திரையும் வெளியிட்டது. என் கருத்தில், முத்திரையை விடவும், பூக்காத பதினோர் ஆண்டுகளில் அந்தச் சரிவில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். இளம்புல் துளிர்ப்பதற்காகப் பழைய புல்லை அளவாக எரிப்பது ஆட்டுக்கு நன்மை தரலாம். முளைத்து ஓரிரு ஆண்டேயான குறிஞ்சி நாற்று அதே தீயில் கருகும். ஒரே மலையில் இரண்டையும் காக்க நினைப்பவர் எந்தச் சரிவை எந்த ஆண்டில் தொடுவது என்று குறிஞ்சியின் நாட்காட்டியையும் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

உமது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். “இங்கே ஏன் இவை இல்லை” என்பது பாதிதான் சரி. இலங்கையில் காட்டாடோ காட்டுச் செம்மறியோ இயற்கையாக எதுவும் இல்லை. மத்திய மலைநாட்டில் உயரத்தில் கிடக்கும் ஹோட்டன் சமவெளியின் புல்வெளியில் நீர் காணக்கூடிய பெரிய மேய்ச்சல் விலங்கு மரை என்னும் பெரிய மான். ஆனால் குறிஞ்சியின் பேரினம் இங்கே இருக்கிறது. சிங்களத்தில் நெலு என்று சொல்லும் செடிகள் அவைதான். மத்திய மலைநாட்டின் முகில்காடுகளில், மர நிழலில், பல இனங்களாக அவை வளர்கின்றன. அவற்றிலும் நீண்ட இடைவெளிக்குப் பின் ஒன்றாகப் பூத்து மடிபவை உண்டு. நீலக்குறிஞ்சி என்னும் அந்த ஓர் இனம் இங்கே இல்லை என்பதே சரியான வாக்கியம்.

2013இல் ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்தபோது நான் போயிருந்தேன். திருகோணமலையிலிருந்து கண்டி வழியாக நுவரெலியா போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் பிடித்தது. மறுநாள் விடியுமுன் கிளம்பிப் பட்டிப்பொல வழியாக ஏறினோம். எமது ஊரின் வெயிலில் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர் பெருந்தண்டனை. உலக முடிவு என்னும் செங்குத்து மலைவிளிம்புக்குப் போகும் பாதையோரம், மரங்களின் அடியில், ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் தலைக்கு மேலே நின்றன. குறிஞ்சிபோல் திறந்த மலைச்சரிவை மூடும் பூப்பு அன்று இது. காட்டுக்குள் ஒளிந்து பூக்கும் பூப்பு. விதை முற்றும் காலத்தில் காட்டுக்கோழிகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து சேரும் என்று வழிகாட்டியவர் சொன்னார். விதை தின்னிகளைப் பற்றி மேலே எழுதினேன் அல்லவா, அதற்கு நம் நாட்டுச் சாட்சி இந்தக் கோழிதான்.

ஆடு வராமல் செடியின் உறவு மட்டும் எப்படி இங்கே இருக்கிறது? கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலங்களில் பாக்கு நீரிணை நிலமாக இருந்தது. யானையும் மரையும் சிறுத்தையும் இங்கும் அங்கும் பொதுவாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்த நிலப்பாலம் தாழ்ந்த, வறண்ட, பாறையில்லாச் சமவெளி. யானைக்கும் மரைக்கும் அது நடந்து வரக்கூடிய வழி. பாறையை விட்டு விலகத் துணியாத வரையாட்டுக்கு அது வழியே அன்று. பாலக்காட்டுக் கணவாய் என்னும் சிறு இடைவெளிகூட வடக்கு மந்தைகளையும் தெற்கு மந்தைகளையும் பிரித்து வைத்திருக்கிறது என்றால், மன்னாரிலிருந்து மத்திய மலைநாடு வரையுள்ள சமதரையை எண்ணிப் பாரும். செடியின் விதைக்கு ஒரு தலைமுறையில் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. நெலுவின் மூதாதைகள் எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளில், காலநிலை குளிர்ந்திருந்த போதெல்லாம் சிறிது சிறிதாக நகர்ந்திருக்க இடமுண்டு. பின்னர் இங்கேயே தனித்தனி இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. இந்தப் பகுதியில் நிலப்பாலம் உறுதியான செய்தி. ஆடும் செடியும் பற்றிய காரணம் என் அனுமானம். கட்டுரையில் எழுதினால் அனுமானம் என்றே எழுதும்.

கடைசியாக ஒன்று. நீர் அனுப்பிய குறிப்பில், பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களையும், இராவணன் வெட்டுப் பக்கம் மேயும் ஆடுகளையும் வரையாட்டுக்கு உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்பவை புள்ளிமான்கள். அவை சமவெளிக் காட்டின் விலங்கு, மலையேறிகள் அல்ல. வீட்டு ஆடு பாறை விளிம்பில் நிற்பதைப் பார்த்திருப்பீர். அந்த அளவில் ஒப்பிடலாம், ஆனால் அதற்கு அங்கே பயப்படச் சிறுத்தை இல்லை, அந்தியில் பட்டிக்குத் திரும்பினால் போதும். வேண்டுமானால் ஒரு வேலை செய்யும்: கோட்டைக்குள் மான்குட்டிகள் எந்தெந்த மாதங்களில் கூடுதலாகக் கண்ணில் படுகின்றன என்று ஓர் ஆண்டு குறித்து வையும். வரையாட்டுக் குட்டிகள் தை மாசியில் வந்து சேருவதோடு அதைப் பக்கத்தில் வைத்தால், உமது கட்டுரைக்கு வேறு எவரிடமும் இல்லாத ஓர் அட்டவணை கிடைக்கும். நெலுவுக்கு 2013இலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக்கொள்ளும். குறிஞ்சிக்கு 2030இல் கடவுச்சீட்டு தேவைப்படும்.